புல்லுக்கு அடித்த மருந்து
புற்றரை, நஞ்சு, பிள்ளைகளின் உடல்நலம்: சில வரலாற்றுக் குறிப்புகள்

1

யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் புல் முளைத்திருந்தால் அந்த வீட்டில் ஆளில்லை என்று பொருள். விடியக் கூட்டி, சாணித் தண்ணீர் தெளித்து, விளக்குமாற்றின் கீறல் மண்ணில் தெரிய வைத்திருப்பதே ஒழுங்கான குடும்பத்தின் அடையாளம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின் பின் வலிகாமத்துக்குத் திரும்பிய உறவினர்கள் எனக்கு எழுதிய கடிதங்களில் கூரைக்கும் கதவுக்கும் முன்னதாக முற்றத்துப் புல்லே இடம்பிடித்திருந்தது. வளவு பற்றிப் போய்க் கிடக்கிறது என்றால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இலண்டனில் இந்த இலக்கணம் தலைகீழாகிறது. ஹரோவிலோ மிச்சத்திலோ ஈஸ்ட்ஹாமிலோ பின்வளவில் புல் இல்லாவிட்டால்தான் அயலவர் ஒருமாதிரிப் பார்ப்பர். புல் இருக்கவேண்டும், அதிலும் புல் மட்டுமே இருக்கவேண்டும். டான்டிலியன், டெய்சி, குளோவர், பாசி எல்லாம் வீட்டுக்காரரின் சோம்பலுக்குச் சாட்சிகள். இந்தச் சாட்சிகளை அழிப்பதற்கென்றே ஒவ்வொரு வசந்தத்திலும் கடைகளில் பெட்டிபெட்டியாக இரசாயனங்கள் அடுக்கப்படுகின்றன. அந்தப் புல்லில் விளையாடுவோர் எம் பிள்ளைகள்.

இனப்பிரச்சினையும் புகலிட அரசியலும் பேசும் பக்கங்களில் புல்லைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் இந்த இரசாயனங்களில் முக்கியமானவை சில இலண்டனிலிருந்து ஓரிரு மணிநேரப் பயணத் தூரத்தில் கண்டறியப்பட்டவை. அவை மலேசியத் தோட்டங்களுக்கும் மலையகத்துக்கும் வன்னி வயல்களுக்கும் போயின. எம்மவரின் கைகளையும் நுரையீரல்களையும் தொட்டன. அவற்றின் வரலாற்றில் எமக்கும் பங்குண்டு.

தொடங்குமுன் எமது மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் இவற்றை 'மருந்து' என்கிறோம். மிளகாய்க்கு மருந்து அடித்தல், புல்லுக்கு மருந்து அடித்தல், முதுகில் மருந்துத் தாங்கி. அதே வாயால் 'மருந்து குடித்துச் செத்துப்போனார்' என்றும் சொல்கிறோம். நோயைத் தீர்ப்பதற்கும் உயிரைப் போக்குவதற்கும் ஒரே சொல். விற்பனையாளர் விளம்பரத்தால் சாதிக்க விரும்பியதை எமது பேச்சுவழக்கு இலவசமாகவே செய்து கொடுத்தது. இக்கட்டுரையில் நான் நஞ்சு என்றே எழுதுகிறேன். அளவைப் பொறுத்தே நஞ்சு நஞ்சாகிறது என்ற வாதத்துக்குப் பின்னர் வருகிறேன்.

2

ஆங்கிலேயப் புற்றரை பிரபுக்களின் மாளிகைகளில் தொடங்கியது. பயிர் விளையும் நிலத்தைப் பயனின்றிப் பச்சையாகக் கிடக்கவிட்டு, அதை அரிவாளால் வெட்டுவதற்கு ஆட்களையும் வைத்திருக்க முடிந்தவன் தன் செல்வத்தை அவ்வாறு காட்டினான். 1830இல் குளொஸ்ரசயரைச் சேர்ந்த எட்வின் பட்டிங், துணி ஆலைகளில் கம்பளித் துணியின் மேற்பரப்பைச் சீராக்கும் இயந்திரத்தைப் பின்பற்றிப் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிரபுவின் புல் மத்தியதர வகுப்புக்கு எட்டத் தொடங்கியது அங்கேதான். இரு உலகப் போர்களுக்கும் இடையே இலண்டன் நாற்புறமும் விரிந்தபோது, வெம்பிளியும் ஹரோவும் போன்ற புறநகர்களில் வரிசை வீடுகளுக்கும் இரட்டை வீடுகளுக்கும் முன்னும் பின்னும் ஒரு துண்டுப் புல் கிடைத்தது. இன்று எம்மவர் செறிந்து வாழும் வீடுகளிற் பல அக்காலத்தில் எழுந்தவையே.

அந்தப் புல்லில் களை பிடுங்க அன்று கையும் கத்தியுமே இருந்தன. மாற்றத்தைக் கொண்டுவந்தது போர். 1940களின் தொடக்கத்தில், ஜேர்மன் நீர்மூழ்கிகளால் உணவுக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்ட வேளையில், பிரித்தானியாவின் உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டியிருந்தது. பேர்க்சயரின் ஜியலொட்ஸ் ஹில்லில் இருந்த ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்திலும், இலண்டனுக்கு வடக்கே ஹார்ப்பென்டனில் 1843 முதல் இயங்கிவரும் ரொதம்ஸ்ரெட் நிலையத்திலும் ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டனர். தாவர வளர்ச்சி ஓமோனைப் போன்ற செயற்கைப் பொருளை விசிறினால் அகன்ற இலைக் களைகள் கட்டுப்பாடின்றி முறுகி வளர்ந்து செத்துப்போகின்றன. புல்வகைத் தானியங்கள் தப்பிவிடுகின்றன. ஐ.சி.ஐ.யில் டெம்பிள்மன் குழுவினரின் வேலையிலிருந்து எம்.சி.பி.ஏ. பிறந்தது. அமெரிக்காவிலும் ஆய்வு நடந்த 2,4-டி அதன் நெருங்கிய உறவு. போர்க்கால இரகசியம் நீங்கிய பின் 1946இல் எம்.சி.பி.ஏ. சந்தைக்கு வந்தது.

கோதுமையும் ஒரு புல்தான். கோதுமை வயலில் நெல்லிக்காய்போல் விளைந்த இந்த வேதியியல் புற்றரைக்கும் அப்படியே பொருந்தியது. பசியை விரட்டக் கண்டறிந்த பொருள் சில ஆண்டுகளுக்குள் டெய்சிப் பூவை விரட்டும் பொருளானது. உணவுக்காக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆபத்து அழகுக்காக எவ்வித புதிய விவாதமுமின்றி வீட்டுக்குள் வந்துவிட்டது என்பதே இவ்வரலாற்றின் முதல் முடிச்சு என்பேன்.

3

தொழிலாளர் உடல்களே முதல் எச்சரிக்கையைத் தந்தன. தோலை மஞ்சளாக்கும் டி.என்.ஓ.சி. என்ற களைநாசினியை விசிறிய ஆங்கிலேய விவசாயத் தொழிலாளர் பலர் 1940களின் பிற்பகுதியில் இறந்தனர். சொலி சுக்கர்மன் தலைமையிலான குழு ஆராய்ந்து 1951இல் அறிக்கை தந்தது. 1952இல் விவசாய நச்சுப்பொருட் சட்டம் வந்தது. அச்சட்டம் கூலிக்கு விசிறுபவரைப் பாதுகாத்தது. விசிறிய இடத்தின் அருகில் வசிப்போரும் விளையாடுவோரும் சட்டத்தின் கண்ணுக்குத் தென்படவில்லை. 1957 முதல் நிறுவனங்களுடன் செய்துகொண்ட தன்னார்வ ஏற்பாடு ஒன்றே நடைமுறையில் இருந்தது. முழுமையான சட்டக் கட்டுப்பாடு 1985இன் உணவு, சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்துடன்தான் வந்தது.

இதே வேளை காலனிகளில் வேறொரு பரிசோதனை நடந்தது. 1950களின் தொடக்கத்தில் மலாயாவில் கம்யூனிசக் கிளர்ச்சியை ஒடுக்கிய பிரித்தானியப் படைகள், பதுங்கித் தாக்குவதற்கு மறைவாக இருந்த வீதியோரச் செடிகளையும் கெரில்லாக்களின் பயிர்களையும் அழிக்கக் களைநாசினிகளை விசிறின. இந்த முன்னுதாரணத்தைக் காட்டியே 1961இல் வியட்நாமில் அதைச் செய்வதற்கு அமெரிக்க அரசுக்குள் நியாயம் சொல்லப்பட்டது. ஏஜன்ட் ஒரேஞ் எனப்பட்டது 2,4-டியும் 2,4,5-ரியும் சரிபாதியாகக் கலந்த கலவை. இரண்டாவதில் உற்பத்தியின்போது டயொக்சின் என்ற கொடிய மாசு சேர்ந்திருந்தது. 1970 ஏப்ரலில் அமெரிக்கா வீட்டுச் சூழலில் 2,4,5-ரி பயன்படுவதை நிறுத்தியது. பிரித்தானியாவிலோ அது புதர்கொல்லியாகத் தோட்டக் கடைகளில் தொடர்ந்தும் விற்கப்பட்டது.

அதற்கு எதிராக எழுந்தவர்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்தினர். 1979-80இல் தமது உறுப்பினரின் நோய்களையும் அவர்களது குடும்பங்களில் நேர்ந்த கருச்சிதைவுகளையும் பிறவிக் குறைபாடுகளையும் திரட்டி அரசின் பீடைநாசினி ஆலோசனைக் குழுவிடம் சமர்ப்பித்தனர். பரிந்துரைத்த முறையில் பயன்படுத்தினால் ஆபத்தில்லை என்று குழு பதிலளித்தது. வயலில் காற்று வீசும், விசிறி ஒழுகும், கையுறை கிழியும்; பரிந்துரைத்த முறை ஆய்வுகூடத்தில் மட்டுமே வாழ்கிறது என்றனர் தொழிலாளர். விஞ்ஞானிகள் ஐயத்துக்கிடமற்ற நிரூபணத்தைக் கேட்டனர். சங்கம் நிகழ்தகவின் சமநிலையைக் கேட்டது. முதலாவது குற்றவாளியைத் தூக்கிலிடுவதற்கான அளவுகோல். ஓர் இரசாயனத்துக்கு அந்தச் சலுகை ஏன் என்ற அவர்களின் கேள்வி இன்றும் பழையதாகவில்லை.

4

1955இல் அதே ஜியலொட்ஸ் ஹில்லில் பரகுவாட்டின் களைகொல்லும் தன்மை கண்டறியப்பட்டது. 1962 முதல் கிரமொக்சோன் என்ற பெயரில் அது உலகெங்கும் போனது. விழுங்கினால் நுரையீரலைத் தழும்பாக்கிக் கொல்லும்; மாற்று மருந்து கிடையாது.

இங்கு இரண்டு பொதிகளை ஒப்பிடவேண்டும். பிரித்தானிய வீட்டுத் தோட்டக்காரருக்கு இது வீடோல் என்ற பெயரில், நூற்றுக்கு 2.5 பங்கு மட்டுமே பரகுவாட் கொண்ட குறுணிகளாகச் சிறு பைகளில் விற்கப்பட்டது. இலங்கையின் கமக்காரருக்கோ நூற்றுக்கு 20 பங்கு கொண்ட திரவம் போத்தலில், ஊர்ச் சந்திக் கடையில் கிடைத்தது. ஆங்கிலேயப் பிள்ளை தவறுதலாக விழுங்கக்கூடும் என்று ஒரு நிறுவனம் சிந்தித்திருக்கிறது. கிளிநொச்சியிலோ பதுளையிலோ உள்ள பிள்ளைக்கு அந்தச் சிந்தனை போய்ச்சேரவில்லை.

1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி மட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கண்ட செழிப்பை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். கல்வீடுகளும் டிராக்டர்களும் மட்டுமன்றி, மருந்துப் போத்தல்களும் அச்செழிப்புடன் வீட்டுக் கோடிக்குள் வந்தன. கோபமும் அவமானமும் எட்டிய கணத்தில் கைக்கு எட்டியதும் அதுவே. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 வரை போனது. உலகில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் 1984இல் பரத்தியோன், 1995இல் மொனோகுரொட்டோபொஸ், 1998இல் எண்டோசல்பான் என்று கொடிய நஞ்சுகள் படிப்படியாக விலக்கப்பட்டன. 2005 அளவில் வீதம் ஏறத்தாழப் பாதியானது. முந்திய பத்தாண்டோடு ஒப்பிட்டால் 1996-2005 காலத்தில் ஏறத்தாழ 19,800 தற்கொலைகள் குறைந்தன என 2007இல் வெளியான ஆய்வு கணித்தது. மனத்துயரம் பாதியாகவில்லை, போர் நடந்துகொண்டிருந்தது. கைக்கெட்டிய நஞ்சு குறைந்தது, அவ்வளவே. பரகுவாட் 2008இல் தொடங்கி 2011க்குள் படிப்படியாக நிறுத்தப்பட்டது.

மலேசிய இறப்பர், செம்பனைத் தோட்டங்களில் பரகுவாட்டை முதுகில் சுமந்து விசிறியவர்களிற் பலர் தமிழ்ப் பெண்கள். ஐரீன் பெர்னான்டஸின் தெனகனிதா அமைப்பு 2002இல் அவர்களின் நிலையை அறிக்கையாக்கியது. தோல் அழற்சி, நகம் கழல்தல், மூக்கால் இரத்தம் வடிதல் எல்லாம் இத்தொழிலுடன் வந்தவை. நனைந்த உடையுடன் வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கிய தாய்மாரும் அவர்களில் இருந்தனர். 2002இல் அறிவித்த தடையை மலேசிய அரசு 2006இல் தளர்த்தியது. 2020 ஜனவரியில்தான் தடை முழுமையானது. ஐரோப்பாவில் சுவீடன் தொடுத்த வழக்கில் 2007 ஜூலையில் அனுமதி இரத்தானது. அதன் பின்னும் யோர்க்சயரின் ஹடர்ஸ்பீல்ட் தொழிற்சாலையில் ஏற்றுமதிக்காகப் பரகுவாட் உற்பத்தி தொடர்ந்தது. தன் பிள்ளைக்கு ஆகாததைப் பிறர் பிள்ளைக்கு விற்கலாம் என்ற ஒழுக்கவியலைக் காலனித்துவத்தின் மிச்சம் என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

5

இனி அளவு பற்றிய வாதம். சிறிதளவு நஞ்சு தீங்கல்ல என்பதற்கு அடிப்படையான 'பாதுகாப்பான அளவு' நீண்டகாலம் வளர்ந்தோரின் உடலை மனதில் வைத்தே கணிக்கப்பட்டது. பிள்ளை சிறிய பெரியவரல்ல. உடல் நிறைக்கு ஏற்பப் பார்த்தால் அது கூடுதலாக மூச்செடுக்கிறது, கூடுதலாக உண்கிறது, கூடுதலான தோற்பரப்பைக் கொண்டிருக்கிறது. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கிறது. மூளையும் ஓமோன் தொகுதியும் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. 1993இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம், பிலிப் லான்றிகன் தலைமையிலான குழுவின் அறிக்கையில் இதைத் தெளிவாகச் சொன்னது. 1996இல் அந்நாட்டுச் சட்டம், வேறுவிதமாக நிரூபிக்கப்படாத இடத்தில், பிள்ளைகளுக்காகப் பத்து மடங்கு கூடுதல் பாதுகாப்பு எல்லையைக் கோரியது.

புல்லில் அடித்தது புல்லிலேயே நிற்கும் என்பதும் பொய்த்தது. அமெரிக்காவில் 2001இல் வெளியான ஓர் ஆய்வு, புற்றரைக்கு 2,4-டி அடித்த வீடுகளின் உட்புறத்தைச் சோதித்தது. கம்பளத்திலும் மேசையிலும் யன்னல் விளிம்பிலும் அது இருந்தது. வெயிலும் மழையும் படாத வீட்டுக்குள் அது எளிதில் சிதைவதுமில்லை. எவ்வளவு உள்ளே வருகிறது என்பதைப் பெரிதும் தீர்மானித்தவை வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதும், பிள்ளைகளும் நாய்களும் உள்ளும் புறமும் ஓடித் திரிவதும். வாசலில் செருப்பைக் கழற்றும் வழக்கத்தை 'ஊர்ப்பழக்கம்' என்று கேலி செய்யும் இளையவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கலாம்.

நோய் பற்றிய சான்றுகளை மிகைப்படுத்தக்கூடாது. 2015இல் 16 ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடு ஒன்று, வீட்டுக்குள் பூச்சிநாசினி பயன்படுத்துவதற்கும் சிறுவரின் இரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கும் தொடர்பைக் கண்டது. களைநாசினிக்கும் இரத்தப் புற்றுநோய்க்கும் இடையே தொடர்பு தெரிந்தது. வெளியே அடிக்கும் பூச்சிநாசினிக்கு அப்படியொன்று தெரியவில்லை. தொடர்பு என்பது காரணம் என்றாகாது. சிறுவர் புற்றுநோய் அரிதானது. பெற்றோரின் ஞாபகத்தை நம்பிச் செய்த ஆய்வுகளில் பிழை புகும். 2015 மார்ச்சில் லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் கிளைபோசேற்றை 'மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் வைத்தது; அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை அது சாத்தியமில்லை என்றது. முன்னது ஒரு பொருளுக்குத் தீங்கு செய்யும் ஆற்றல் உண்டா என்று கேட்டது. பின்னது நடைமுறையில் எதிர்ப்படும் அளவில் தீங்கு நேருமா என்று கேட்டது. இரு கேள்விகளையும் ஒன்றாக்கியே இரு தரப்பும் கத்துகின்றன.

இதில் எமக்கு ஓர் உடனடிப் பாடமுண்டு. நெரிசலான வாடகை அறைகளில் கரப்பானுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் மூடிய யன்னலுக்குள் அடிக்கும் தெளிப்பான், தோட்டத்துப் புல்லைவிடக் கவலைக்குரியது. புற்றரை வைத்திருப்போரின் கவலை பத்திரிகைக்கு வருகிறது. ஒற்றை அறையில் பிள்ளை வளர்ப்போரின் கவலை வருவதில்லை.

6

சில வருடங்களுக்கு முன், நான் பாடம் எடுத்த தமிழ்ப் பாடசாலை சனிக்கிழமைகளில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடந்தது. ஒரு மே மாதத்தில் இடைவேளைக்கு வெளியே போன பிள்ளைகள் திரும்பியபோது சப்பாத்துகளில் ஒரு வாடை. மைதானத்து ஓரத்தில் ஆங்கிலத்தில் சிறு அட்டை ஒன்று குத்தியிருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் களைநாசினி அடித்திருந்தார்கள். என்ன பொருள் என்று கேட்டு எழுதினேன். அனுமதிக்கப்பட்ட பொருள், அறிவுறுத்தல்படி பயன்படுத்தப்பட்டது என்று இரண்டு வரிப் பதில் வந்தது. வாரநாட்களில் பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்து அடித்திருக்கிறார்கள். சனிக்கிழமைப் பிள்ளைகள் அவர்களின் அட்டவணையில் இருக்கவில்லை. அயலில் இருப்போரைக் காணாத அந்த 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் பார்வை இன்னும் நீங்கவில்லை என்று அன்று எண்ணினேன்.

அப்பார்வையை நீதிமன்றத்தில் நேரடியாகச் சவாலுக்கு உட்படுத்தியவர் ஜோர்ஜினா டவுன்ஸ். சசெக்ஸில் வயல்களையொட்டிய வீட்டில் பதினொரு வயது முதல் தெளிப்பில் நனைந்து வளர்ந்தவர். 2001இல் தனியொருவராகப் பிரசாரத்தைத் தொடங்கினார். சுற்றாடல் மாசு பற்றிய அரச ஆணைக்குழு 2005இல் அவரது கவலைகளுக்கு இடங்கொடுத்து, வயலுக்கும் வீட்டுக்கும் இடையே ஐந்து மீற்றர் இடைவெளி வேண்டும் என்றது. அரசு ஏற்கவில்லை. 2008 நவம்பரில் இலண்டன் மேல் நீதிமன்றத்தில் நீதிபதி கொலின்ஸ் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 2009 ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. வழக்கு தோற்றது, ஆனால் 'அயலில் வசிப்பவர்' என்ற மனிதர் கொள்கை ஆவணங்களில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார். பூங்கா, விளையாட்டிடம், பாடசாலை வளவு ஆகியவற்றில் பீடைநாசினியைக் குறைக்கவோ தடுக்கவோ வேண்டும் என்ற 2009ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பணிப்புரை 2012இல் பிரித்தானிய விதிகளுக்குள் வந்தது. 2016இல் ஹமர்சிமித் அன்ட் புல்ஹம் கவுன்சில் தன் பூங்காக்களில் கிளைபோசேற்றை நிறுத்தியது. வேறு சில இலண்டன் கவுன்சில்களும் பின்னர் குறைத்தன. நகரம் முழுவதற்குமான தடை வரவில்லை.

கனடா வேறு வழியில் போனது. கியூபெக்கின் ஹட்சன் என்ற சிற்றூரில் தோல் வைத்தியர் ஜூன் ஏர்வின் 1980களின் நடுப்பகுதி முதல் ஊர்ச்சபைக் கூட்டங்களுக்குச் சென்று ஓயாமல் கேள்வி கேட்டார். 1991இல் சபை அழகுக்காகப் பீடைநாசினி அடிப்பதைத் தடுத்தது. தெளிப்பு நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2001 ஜூன் 28இல் கனடிய உச்ச நீதிமன்றம் ஊர்ச்சபைக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது. ரொறன்ரோ 2003இல் துணைச்சட்டம் இயற்றியது. ஒன்ராறியோ மாகாணம் 2009 ஏப்ரல் 22 முதல் புற்றரைகளில் அழகுப் பயன்பாட்டைத் தடைசெய்தது. ஸ்காபரோவில் எம் உறவினரின் பிள்ளைகள் இச்சட்டத்தின் நிழலில் வளர்ந்தவர்கள். ஹட்சன் கேட்ட கேள்வி மிக எளியது: தீங்கு எவ்வளவு என்று தெரியாது, நன்மை எவ்வளவு என்று தெரியும், அது டான்டிலியன் இல்லாத புல், இதற்காக எவ்வளவு ஐயத்தைப் பிள்ளைகள்மேல் சுமத்தலாம்?

7

எமது வட்டாரங்களில் இவ்விடயம் பேசப்படும்போது 'இரசாயனம் என்றாலே கேடு, எம் முன்னோர் இயற்கையோடு வாழ்ந்தனர்' என்ற குரல் எழும். அதை நான் ஏற்கவில்லை. 2021 மே மாதத்தில் கோத்தாபய அரசு ஒரே இரவில் இரசாயனப் பசளைகளையும் பீடைநாசினிகளையும் இறக்குமதி செய்யத் தடைவிதித்தபோது நெல்லும் தேயிலையும் விழுந்தன. நவம்பரில் தடையை மீளப்பெற வேண்டி வந்தது. முன்னறிவிப்பும் மாற்று ஏற்பாடும் இன்றி நடந்த அதன் விலையை முதலில் செலுத்தியோர் வறிய கமக்காரரும் மலையகத் தொழிலாளரும். ஒவ்வொரு நஞ்சாக ஆராய்ந்து, கொடியதை முதலில் விலக்கி, விளைச்சல் குறையாமல் உயிர்களைக் காத்த முந்திய இலங்கை அனுபவம் இதற்கு நேரெதிர்.

எனவே வேறுபாடு இரசாயனத்துக்கும் இயற்கைக்கும் இடையில் இல்லை. எதற்காக, யாரின் உடல்மேல், யார் கேட்டு, யார் தீர்மானித்து என்பவற்றில் இருக்கிறது. பட்டினியைத் தடுக்க ஓர் ஆபத்தை ஏற்பது அரசியல் விவாதத்துக்குரியது. அயலவரின் புருவம் உயராமலிருக்க அதே ஆபத்தைத் தவழும் குழந்தையிடம் கொடுப்பதற்கு விவாதமே தேவையில்லை. புல்லின் விடயத்தில் நிரூபிக்கும் சுமை விற்பவர்மேலும் அடிப்பவர்மேலும் இருக்கவேண்டும், பெற்றோர்மேல் அல்ல.

நடைமுறையில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. தமிழ்ப் பாடசாலைகளும் கோவில்களும் சங்கங்களும் தாம் வாடகைக்கு எடுக்கும் மைதானங்களில் என்ன, எப்போது அடிக்கப்படுகிறது என்று எழுத்தில் கேட்கலாம். கவுன்சில் உறுப்பினர்களாக எம்மவர் பலர் வந்துவிட்டனர். திருவிழா மேடைகளுக்கு அழைக்கும்போது இக்கேள்வியையும் அவர்களிடம் வைக்கலாம். வாடகை வீட்டுக் கொட்டில்களில் பழைய குடியிருப்பாளர் விட்டுப்போன தகரங்களைத் தண்ணீர்க் குழிக்குள் ஊற்றாமல் கவுன்சிலின் அபாயக் கழிவுச் சேவையிடம் ஒப்படைக்கலாம். பூங்காக்களிலும் வீதியோரங்களிலும் விசிறியுடன் வேலைசெய்யும் அகதித் தொழிலாளருக்கு எச்சரிக்கைச் சீட்டைத் தமிழில் விளக்கும் வேலையும் இருக்கிறது. 1980இன் ஆங்கிலேயத் தொழிலாளருக்குச் சங்கம் ஒன்று இருந்தது, இவர்களிற் பலருக்கு அதுவுமில்லை.

இலங்கையில் எம் கிணறுகளின் நிலையை இங்கு தொடவில்லை. சுண்ணாம்புக் கல்லின் ஊடாகப் பசளையின் நைத்திரேற்று இறங்கும் யாழ்ப்பாணத்து நிலத்தடி நீரும் பிள்ளைகளின் உடல்நலமும் தனிக் கட்டுரைக்குரியவை. அத்துறையில் வேலை செய்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் எழுதவேண்டும். இங்கு நான் சொன்னவற்றை மறுப்போரும் எழுதவேண்டும்.